டீச்சரம்மா பதில்கள்: பிள்ளையை விளையாட விடலாமா?

ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறக்கும் என்று அரசு அறிவித்த நாளிலிருந்து, எனக்கு வருகிற கடிதங்களில் கணவன் மனைவி சண்டைதான் அதிகம். பிள்ளையை வெளியே விடலாமா, கூடாதா? அதனால் இந்த 2021 அக்டோபர் இதழில் மாமியார் பிரச்சினை, நகைச்சீட்டு, பாகப்பிரிவினை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, நாலாம் வகுப்பு. வேலூர் சத்துவாச்சாரியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டு ஓனருக்கு இரண்டு பையன்கள். போன வருடம் மார்ச்சிலிருந்து என் கணவர் மகனைப் படி இறங்க விடுவதில்லை. இந்த மே மாதம் அவருடைய அண்ணன் கொரோனாவில் போன பிறகு இன்னும் கடுமை. மாமியார் எங்களோடு இருக்கிறார். 68 வயது, சர்க்கரை உண்டு, அதனால் கொரோனா தடுப்பூசி போட பயந்து இன்னும் போடவில்லை. "நீ கீழே போனா ஆயாவுக்குக் கொரோனா வந்து செத்துப்போயிடும்" என்று என் கணவர் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறார். கீழே இருந்து பையன்கள் கூப்பிட்டால் இவன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். ஹாலில் தனியாகச் சுவரில் பந்தடித்து கிரிக்கெட் ஆடுகிறான். இரண்டு டீமுக்கும் அவனே ஸ்கோர் எழுதுகிறான். எதிர் டீமில் இருப்பவர்கள் எல்லாம் கீழ்வீட்டுப் பையன்களும் பழைய வகுப்புப் பையன்களும். விடலாம் என்று நான் சொன்னால் அவர் கேட்பதில்லை. நானும் கோபத்தில் "பயந்தாங்கொள்ளி" என்று கத்திவிடுகிறேன். அவருக்கு லாங்கு பஜாரில் பாத்திரக் கடை. நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். யார் சொல்வது சரி டீச்சர்?
— பெயர் வேண்டாம், சத்துவாச்சாரி

பதில்: பையன் விளையாடட்டும். அதில் நான் உங்கள் பக்கம்தான். ஆனால் கடிதத்தை உடனே அவரிடம் காட்டி "பார்த்தீங்களா" என்று கேட்காதீர்கள். உங்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

நீங்கள் எழுதியதில் கடைசி மூன்று வரியைத் திரும்பப் படியுங்கள். அவருக்குப் பாத்திரக் கடை, உங்களுக்குத் தையல். லாங்கு பஜார் எனக்குத் தெரியாத இடமா? கடைக்கு வருகிறவர்கள் குடத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், குக்கர் மூடியைக் கழற்றிப் பார்ப்பார்கள், பேரம் சூடு பிடித்ததும் மாஸ்கைத் தாடைக்கு இறக்கி "கடைசி விலை சொல்லுங்க" என்பார்கள். உங்களிடம் வருகிறவர்களுக்கு அளவெடுக்க எவ்வளவு நெருங்கி நிற்கிறீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக, உங்கள் வீட்டுக்குள் ஊர்க்காற்று தினமும் இரண்டு வழியாக வருகிறது. நீங்கள் இருவரும் சேர்ந்து அடைத்து வைத்திருப்பது மூன்றாவது வழியை மட்டும். இருப்பதிலேயே சின்ன வழி அதுதான். பெரியவர்கள் வெளியே போனால் பிழைப்பு, பிள்ளை போனால் ஊர் சுற்றல். பிழைப்பை நிறுத்த முடியாது, அது எனக்கும் தெரியும். அதற்காக நம்மால் நிறுத்த முடியாததற்கெல்லாம் சேர்த்து அந்தப் பையன் ஒருவனை நிறுத்தி வைத்தால் எப்படி?

இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. இந்த வருடம் ஜூன், ஜூலையில் ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க 70 மாவட்டங்களில் ரத்தம் எடுத்துப் பார்த்தது. நம் பழைய வட ஆற்காட்டிலிருந்து பிரிந்துபோன திருவண்ணாமலையும் அந்த 70-இல் ஒன்று. 6 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளில் 57.2 சதவீதம் பேருக்கும், 10 முதல் 17 வயது வரை 61.6 சதவீதம் பேருக்கும் ரத்தத்தில் கொரோனாவுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. அதாவது கிருமி வந்து போயாகிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு ஊசி கிடையாது. நம் ஊரில் எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிப் பூட்டு திறக்கவே இல்லை. அப்புறம் யார் கொண்டுவந்து கொடுத்தது? பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள் நாம்தான். நல்லவேளையாகப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இந்தக் கணக்கை வெளியிட்டபோதே, திறப்பதானால் ஆரம்பப் பள்ளிகளை முதலில் திறக்கலாம், ஆசிரியர்களும் மற்ற ஊழியர்களும் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். தலைவர் பல்ராம் பார்கவா சொன்னார். நாம் பொதுத்தேர்வுப் பிள்ளைகளை முதலில் கூப்பிட்டோம். மார்க் ஷீட்டுக்கு இருக்கிற மரியாதை நாலாம் வகுப்புக்கு எப்போது இருந்தது? வாழ்நாள் முழுக்க நாலாம் வகுப்பு எடுத்தவள், இந்தப் புலம்பலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாதது விளையாட்டு விஷயம் அல்ல. "ஆயா செத்துப்போயிடும்" என்ற வாக்கியம். நாளைக்கே அந்த அம்மாளுக்குச் சாதாரணச் சளி பிடித்தால் பையன் என்ன நினைப்பான்? போன வாரம் தெரியாமல் இரண்டு படி இறங்கினோமே என்று நினைப்பான். வயதானவர்களுக்கு என்றைக்காவது ஏதாவது வரத்தான் செய்யும், காரணம் எதுவாக இருந்தாலும். அவன் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வான், வெளியே சொல்ல மாட்டான். கதவுக்குப் பின்னால் அவன் ஒளிவது கீழ்வீட்டுப் பையன்களுக்குப் பயந்து இல்லை. தன்னையே ஒரு ஆபத்தாக நினைத்து ஒளிகிறான். இதை எடுக்க வேண்டியது உங்கள் வீட்டுக்காரர்தான். நீங்கள் ஆயிரம் தடவை "அப்பா சும்மா சொன்னார்" என்றாலும் செல்லாது. அவரே பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஆயாவைப் பார்த்துக்கிறது எங்க வேலைடா, உன் வேலை இல்லை" என்று சொல்லட்டும். இந்த ஒரு வரி போதும்.

அவர் பயத்தை நான் கேலி செய்யவில்லை. மே மாதம் இந்த ஊர் எப்படி இருந்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம். ஆஸ்பத்திரிக்குப் பேர்போன ஊரிலேயே படுக்கைக்கும் ஆக்ஸிஜனுக்கும் ஆள் ஆளாய் போன் போட்டுக்கொண்டிருந்தோம். அண்ணனைக் கடைசியாக ஒழுங்காகப் பார்க்கக்கூட முடிந்திருக்காது, முறைப்படி எடுத்திருக்க மாட்டார்கள். அந்த மனுஷன் துக்கத்தை எங்கேயும் இறக்கி வைக்காமல் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்த்து, அதுவும் பையன் முன்னால், "பயந்தாங்கொள்ளி" என்கிறீர்கள். அதை இன்றோடு விடுங்கள். ஒருநாள் ராத்திரி பையன் தூங்கியதும், விளையாட்டுப் பேச்சையே எடுக்காமல், அண்ணனைப் பற்றிப் பேசுங்கள். அவர் அழுதால் அழட்டும்.

அடுத்த நாள் காரியத்துக்கு வாருங்கள். முதல் காரியம் மாமியாருக்கு ஊசி. சர்க்கரை இருப்பதால் போடவில்லை என்பது தலைகீழ்ப் பாடம். மார்ச் 1-ஆம் தேதி பொதுமக்களுக்கு ஆரம்பித்தபோது 60 வயது தாண்டியவர்களையும், 45 தாண்டி இந்த மாதிரி நோய் உள்ளவர்களையும்தான் முதலில் கூப்பிட்டார்கள். ஆபத்து அவர்களுக்கு அதிகம் என்பதால்தானே? குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தடுக்கிற ரோட்டாவேக் சொட்டு மருந்துச் சோதனை நாட்டில் நடந்த மூன்று ஊர்களில் நம் வேலூரும் ஒன்று. கைக்குழந்தைகளே நம்பி வாயைத் திறந்த ஊரில் 68 வயது அம்மா பயப்படலாமா? செப்டம்பர் 12-லிருந்து மெகா முகாம் நடக்கிறது, பக்கத்துத் தெருவிலேயே வரிசை நிற்கும். கோவிஷீல்டு என்றால் இரண்டாவது ஊசிக்கு 84 நாள், கோவேக்சின் என்றால் 28 நாள். சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அவரே அம்மாவைக் கூட்டிப் போகட்டும். அவருடைய பயத்துக்கு உருப்படியான வேலை இதுதான். நீங்கள் இரண்டு பேரும் போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றால் அன்றைக்கே சேர்ந்து நில்லுங்கள்.

பையன் விஷயம்: ஊர் முழுக்கத் திறந்துவிடச் சொல்லவில்லை. கீழ்வீட்டுப் பையன்கள் இருவர், இடம் மொட்டை மாடி, சாயங்காலம் வெயில் தாழ்ந்து ஒரு மணி நேரம். இந்தக் கிருமி முக்கியமாகக் காற்றில் பரவுகிறது. மூடின அறையில் தேங்கி நிற்கும், திறந்த வெளியில் கலைந்துபோகும். சத்துவாச்சாரி மொட்டை மாடியில் மலைக்காற்றுக்குப் பஞ்சமா? இரண்டு வீட்டில் யாருக்குக் காய்ச்சல், இருமல் என்றாலும் அந்த வாரம் ஆட்டம் கிடையாது. இதை ஓனர் வீட்டம்மாவிடம் முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஆட்டம் முடிந்து கைகால் கழுவி வந்தால் போதும். ஆயாவுக்கு இரண்டு ஊசியும் முடிகிறவரை அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கதை சொல்லட்டும், இவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேட்கட்டும். உங்கள் தையல் மெஷினையும் ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள், அளவெடுக்கும்போது இரண்டு பேருக்கும் மாஸ்க். கடையில் அவர் மாஸ்க் தாடையில் இருக்கிறதா மூக்கில் இருக்கிறதா என்று ஒருநாள் போய்ப் பாருங்கள், சும்மா பார்க்கிற மாதிரி.

காய்கறியை எதில் ஊறவைக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் போன வருடம் நேதாஜி மார்க்கெட் கத்தரிக்காயை மஞ்சள் தண்ணீரில் முக்கி, ரூபாய் நோட்டை இஸ்திரி போட்ட வீடுகளைப் பார்த்தவள் நான். அந்த உழைப்பில் பாதியை ஜன்னல் திறப்பதில் காட்டியிருக்கலாம்.

கேள்வி: அணைக்கட்டு பக்கத்தில் கிராமம். மகள் ஒன்பதாவது, மகன் எட்டாவது. செப்டம்பர் 1-ஆம் தேதி ஒன்பதாம் வகுப்பு திறந்தும் என் வீட்டுக்காரர் மகளை அனுப்பவில்லை. "கொரோனா முழுசா போகட்டும்" என்கிறார். தோழிகள் வீட்டுக்கு வந்தால் முகம் சுளிக்கிறார். மகன் மட்டும் காலையில் ஏரிப் பக்கம் போனால் இருட்டித்தான் வருகிறான், அவனை ஒன்றும் சொல்வதில்லை. இதற்கிடையில் நாத்தனார் இரண்டு தடவை வந்து மகளுக்கு வயசாகுது என்று பேசிவிட்டுப் போனார்.
— ஒரு தாய்

பதில்: கொரோனாவுக்கு ஆண் பிள்ளை, பெண் பிள்ளை வித்தியாசம் தெரியாது அம்மா. ஏரியில் பத்துப் பதினைந்து பையன்களோடு ஆடிவிட்டு வருகிறவன் அதே வீட்டில்தானே சாப்பிட்டுப் படுக்கிறான்? அவன் ஆடட்டும், அது திறந்தவெளி. ஆனால் உங்கள் வீட்டில் நடப்பது நோய்க்குப் பயந்து நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நாத்தனாரின் பேச்சைக் கடைசி வரியில் வைத்திருக்கிறீர்கள். நான் அதை முதல் வரியாகத்தான் படித்தேன்.

ஒன்றரை வருடமாகப் பள்ளி மூடியிருந்ததில் பெண் பிள்ளைகள் பல வீடுகளில் அடுப்படிக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் பழகிவிட்டார்கள். வீட்டுக்கும் அது வசதியாகப் போயிற்று. இனி திரும்ப அனுப்புவது ஒரு செலவு மாதிரித் தெரியும். அதனால் இங்கே நடுவில் நின்று சமரசம் பேச எனக்கு விருப்பம் இல்லை. திங்கட்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு நீங்களே பள்ளிக்குப் போங்கள். தலைமையாசிரியரைப் பார்த்து, வீட்டுக்காரரிடம் பேசச் சொல்லுங்கள். வாத்தியார் வீட்டு வாசலுக்கு வந்து கேட்டால் நம் ஊர் ஆண்கள் மறுப்பதில்லை. வகுப்புக்குக் கொஞ்சம் பேராகத்தான் உட்கார வைக்கிறார்கள், மாஸ்க் உண்டு, ஆசிரியர்கள் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று விவரமாகச் சொல்லட்டும். அவர் பயம் நிஜம் என்றால் அதில் தெளிந்துவிடும்.

கல்யாணப் பேச்சு வந்தால் சட்டப்படி 18 வயது என்பதை நாத்தனார் காதுபடச் சொல்லுங்கள். மீறிப் போகிற மாதிரி இருந்தால் 1098 என்று ஒரு இலவச எண் இருக்கிறது, குழந்தைகளுக்கானது. மகளுக்கும் அந்த எண்ணை மனப்பாடம் செய்து கொடுங்கள். யார் கூப்பிட்டார்கள் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். தோழிகள் வரட்டும், திண்ணையில் உட்கார்ந்து பேசட்டும். முகம் சுளிப்பதை நீங்கள் கவனிக்காத மாதிரி மோர் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள். ஏ.சி. ஹாலில் விழா, நாற்பது பேர் வருவார்கள். எங்கள் மகளுக்கு 4 வயது. மனைவி போகலாம், மாஸ்க் போட்டு அனுப்பலாம் என்கிறாள். நான் வேண்டாம் என்கிறேன்.
— ஆம்பூர் வாசகர்

பதில்: இதில் நீங்கள் ஜெயித்தீர்கள். மூடின ஹால், ஏ.சி., நாற்பது பேர், பலூன் ஊதல், நடுவில் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த கேக்கை ஆளுக்கொரு துண்டு. கிருமிக்குப் பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி. மாஸ்க் யோசனையும் பலிக்காது. ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு மாஸ்க் தேவையில்லை என்று மத்திய சுகாதார இயக்குநரகம் ஜூன் மாதமே சொல்லிவிட்டது. அதுவும் உங்கள் மகள் பத்து நிமிடத்தில் கழற்றிக் கேக்கில் வைத்துவிடுவாள். ஆனால் மனைவிக்குப் பக்கத்து வீட்டு உறவு முக்கியம், அதையும் பாருங்கள். மறுநாள் அந்தக் குழந்தையை உங்கள் மாடிக்குக் கூப்பிட்டுப் பரிசு கொடுங்கள், இரண்டும் ஆடட்டும். பிரியாணி பற்றி ஆம்பூர்க்காரருக்கு நான் என்ன சொல்ல?

கேள்வி: எனக்கு 71 வயது, ஆரணி. மகன் பெங்களூரில். இரண்டு பேரப்பிள்ளைகள், 6 வயதும் 10 வயதும். தீபாவளிக்கு வருகிறோம் என்கிறான் மகன். மருமகள் வேண்டாம் என்கிறாள். போனில் இரண்டு பேரும் என் காதுபடவே சண்டை போடுகிறார்கள். நான் இரண்டு ஊசியும் போட்டுவிட்டேன். என்னைத் தீட்டு மாதிரி நினைக்கிறாளா?
— ஒரு பாட்டி

பதில்: இல்லவே இல்லை அக்கா. பிள்ளைகளுக்கு உங்களால் ஏதாவது வரும் என்று அவள் பயப்படவில்லை. பிள்ளைகளால் உங்களுக்கு வந்துவிட்டால் காலத்துக்கும் "மருமகளால் வந்தது" என்று ஊர் பேசும், அதற்குப் பயப்படுகிறாள். ஆரணியில் உறவு எத்தனை வீடு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மகனை விட்டுவிட்டு மருமகளுக்கு நீங்களே போன் போடுங்கள். மகன் வழியாகப் போகிற எந்தச் செய்தியும் போய்ச் சேரும்போது புகாராகிவிடும். "நான் இரண்டு ஊசியும் போட்டாச்சு. நீங்க வந்தா வேற வீட்டுக்குப் போக வேணாம், யாரையும் வீட்டுக்குள்ள கூப்பிட மாட்டேன், திண்ணையிலேயே பார்த்து அனுப்பிடறேன்" என்று சொல்லிப் பாருங்கள். தீபாவளிக்கு அவள் நிஜமாகவே பயப்படுவது பத்து வீட்டுக்குப் பலகாரத் தட்டோடு பிள்ளைகளை இழுத்துப் போவதைத்தான் என்று எனக்குச் சந்தேகம். அதை நீங்களே வெட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே போகும். ரயில் வேண்டாம், காரில் வரட்டும். கிளம்பும் முன் யாருக்காவது காய்ச்சல் இருந்தால் வர வேண்டாம் என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லுங்கள். தீபாவளி நவம்பர் 4, வியாழக்கிழமை. ஞாயிறு வரை இருந்தால் வெள்ளி சனி நாலு பேரும் உங்களுக்குத்தான். உறவுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். முறுக்கு கொடுத்தனுப்புங்கள், சரியாகிவிடும்.

இன்னொன்று. இரண்டு ஊசி போட்டவர்களுக்கும் வரலாம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அளவுக்கு முற்றுவது மிகவும் குறையும். உங்களுக்கு இருமல் இருந்தால் மறைக்காதீர்கள், பேரப்பிள்ளை வருகிற ஆசையில் மறைத்த பாட்டிகளை எனக்குத் தெரியும்.

கேள்வி: டீச்சர், நான் ஆறாவது, காட்பாடி. என் பிரண்டு வீடு அடுத்த தெருதான். அம்மா போகலாம்னு சொல்றாங்க. அப்பா போன்ல பேசு போதும்னு சொல்றார். நான் யார் சொல்றதைக் கேக்கணும்?

பதில்: கண்ணு, இரண்டு பேர் சொல்வதையும் நீ கேட்க முடியாது. அதனால் இரண்டு பேரும் ஒன்றாகப் பேசி ஒரு பதில் சொல்லும் வரை நீ காத்திரு. ஆனால் சும்மா காத்திருக்காதே. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் இருக்கும்போது கேள். அம்மாவிடம் தனியாக அனுமதி வாங்கிக்கொண்டு அப்பா ஆபீஸிலிருந்து வருவதற்குள் திரும்புகிற வேலை வேண்டாம். மாட்டிக்கொண்டால் திட்டு அம்மாவுக்குத்தான் விழும்.

கேட்கும்போது, "வீட்டுக்குள்ள போக மாட்டோம், தெருவுலயே நின்னு பேசிட்டு அரை மணி நேரத்துல வந்துடறேன்" என்று சேர்த்துச் சொல். அப்பாக்கள் "போகட்டுமா" என்றால் முடியாது என்பார்கள். எங்கே, எவ்வளவு நேரம் என்று சொன்னால் யோசிப்பார்கள். எப்படியும் நவம்பர் 1 வந்தால் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் உட்காரப் போகிறீர்கள், அதையும் ஞாபகப்படுத்து. பையில் இன்னொரு மாஸ்க் வைத்துக்கொள். தண்ணீர் பாட்டிலை மட்டும் மாற்றிக் குடிக்காதே, எவ்வளவு பெரிய பிரண்டாக இருந்தாலும்.

கேள்வியை நீ எழுதினபடியே போட்டிருக்கிறேன். "கேக்கணும்" இல்லை, "கேட்கணும்". பள்ளி திறக்கட்டும், உன் தமிழ் டீச்சர் பார்த்துக்கொள்வார்.